தம்பிக்குத் தண்ணீர் கிடையாது

(பாரிஸை ஒட்டிய புறநகரில் ஒரு பெரிய வீடு. வீட்டம்மாவும் பிளம்பரும்.)

வீட்டம்மா: தோட்டத்து நடுவில் ஒரு மீன் நிமிர்ந்து நிற்க வேண்டும். வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். 'மோன் ஓங்கிள்' படத்தில் வருமே, அதே மாதிரி.

பிளம்பர்: ஜாக் டாட்டி எடுத்தது, 1958. ஆஸ்கர்கூட வாங்கியது.

வீட்டம்மா: நீங்கள் இதெல்லாம் பார்ப்பீர்களா!

பிளம்பர்: டிக்கெட் வாங்கினால் எங்களையும் உள்ளே விடுகிறார்கள் மேடம்.

வீட்டம்மா: எவ்வளவு அழகான வீடு அது!

பிளம்பர்: நீஸ் நகரத்து ஸ்டுடியோவில் போட்ட செட். படம் முடிந்ததும் பிரித்துவிட்டார்கள்.

வீட்டம்மா: சரி, ஸ்விட்ச் வாசல் மணிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆள் வந்தால் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

பிளம்பர்: நான் வந்தால்?

வீட்டம்மா: நீங்கள் வேலைக்கு வருகிறவர்.

பிளம்பர்: தபால்காரர்?

வீட்டம்மா: சேச்சே.

பிளம்பர்: உங்கள் கூடப்பிறந்த தம்பி?

வீட்டம்மா: அவனுக்கு எதற்கு வீண் செலவு?

பிளம்பர்: படத்திலும் அதேதான். மணி அடித்ததும் அந்த அம்மா மீனைப் போடுவாள். வந்தது தம்பி என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவாள்.

வீட்டம்மா: என்ன பொறுப்பான பெண்!

பிளம்பர்: அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது மேடம்.

வீட்டம்மா: நானும்தான் சிரித்தேன். உருப்படாத தம்பி!

பிளம்பர்: ...குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

வீட்டம்மா: தோட்டத்துக் குழாய் இருக்கிறதே.

பிளம்பர்: அது அடைத்துக்கொண்டது என்றுதானே என்னைக் கூப்பிட்டீர்கள்?

(மௌனம்.)

பிளம்பர்: அப்புறம், போன வேலைக்கான பில் இன்னும் நிற்கிறது.

வீட்டம்மா: உங்களைப் போன்றவர்களுக்கு எந்நேரமும் பணத்தின் ஞாபகம்தான்.

பிளம்பர்: உங்களைப் போன்றவர்களுக்கு அது வருவதே இல்லையே. யாராவது ஒருவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?

வீட்டம்மா: மீனைப் பற்றிப் பேசுங்கள்.

பிளம்பர்: பேசலாம். படத்தில் அந்த வீட்டுக்காரர் பிளாஸ்டிக் குழாய் ஃபாக்டரி நடத்துகிறவர். விருந்து நடக்கும்போது அவர் தோட்டத்துக் குழாயே பொத்துக்கொள்ளும்.

வீட்டம்மா: ஐயையோ! உடனே பிளம்பருக்குச் சொல்லி அனுப்பினார்களா?

பிளம்பர்: இல்லை. விருந்துக்கு வந்திருந்த ஃபாக்டரி ஆள்தான் மண்ணைத் தோண்டினார். நல்ல உடுப்பெல்லாம் சேறு.

வீட்டம்மா: (ஆவலாக) பில் கொடுக்கவில்லையே?