வாஷிங்டன் ஒப்பந்தம் வெட்டிப் பேச்சு இல்லை

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே நடந்த ஆயுதக் குறைப்பு மாநாடுகள் எல்லாமே வெட்டிப் பேச்சு என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. 1932-ல் தொடங்கிய ஜெனீவா மாநாட்டைச் சொல்கிறீர்களா, சரி, விட்டுவிடுகிறேன். அடுத்த வருடமே ஜெர்மனி நடையைக் கட்டிவிட்டது. ஆனால் போர்க்கப்பல்களைக் குறைப்பது பற்றிப் பேசிய 1921 வாஷிங்டன் மாநாட்டை அதோடு சேர்ப்பது அநியாயம்.

நவம்பர் 12, முதல் நாள். வரவேற்புரைதானே என்று எல்லாரும் சாவகாசமாக உட்கார்ந்திருக்க, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹியூஸ் எழுந்து, நாங்கள் 30 பெரிய போர்க்கப்பல்களைக் கைவிடுகிறோம், நீங்கள் இன்னின்னதைக் கைவிடுங்கள் என்று பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் பெயர் சொல்லியே பட்டியல் போட்டார். அமெரிக்காவின் கப்பல் பலம் 10 என்றால் தனக்கு 7 வேண்டும் என்று ஜப்பான் மல்லுக்கட்டியது. டோக்கியோவின் ரகசியத் தந்திகளை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்துக்கொண்டிருந்ததால், 6-க்கு இறங்கி வருவார்கள் என்று ஹியூஸுக்கு முன்பே தெரியும் (நாணயமா என்று கேட்காதீர்கள்). 1922 பிப்ரவரியில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானுக்கு 5:5:3 என்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

காகிதத்தோடு நிற்கவும் இல்லை. 'வாஷிங்டன்' என்றே பெயர் வைத்து முக்கால்வாசி கட்டியிருந்த கப்பலை 1924-ல் அமெரிக்கர்களே கடலுக்கு இழுத்துப்போய் டார்பிடோவும் வெடிகுண்டும் வைத்துப் பார்த்தார்கள். நாள்கணக்கில் மிதந்தது. கடைசியில் போர்க்கப்பல் பீரங்கியால் சுட்டுத்தான் மூழ்கடித்தார்கள்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பாதி கட்டிய கப்பல் சிலவற்றை உடைக்காமல் விமானந்தாங்கியாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவுக்கு லெக்சிங்டனும் சரடோகாவும் வந்தது அப்படித்தான். ஜப்பான் அகாகியையும் அமாகியையும் எடுத்தது, 1923 நிலநடுக்கத்தில் அமாகி நொறுங்கிப்போனதும், உடைக்க வைத்திருந்த காகாவை அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது. அப்புறம் 1941-ல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கப் போன ஆறு விமானந்தாங்கிகளில் அகாகியும் காகாவும் உண்டு. பழைய ஆயுதத்தை எண்ணி எண்ணிக் குறைத்தவர்கள், புதியது வளர இடம் விட்டார்கள். என் குறை அது மட்டும்தான்.

ஒப்பந்தத்துக்குப் பல்லே இல்லை என்றால், 1930-ல் லண்டனில் அடுத்த கடற்படை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதற்காக ஜப்பான் பிரதமர் ஹமாகுச்சியை டோக்கியோ ரயில் நிலையத்தில் ஏன் சுட வேண்டும்? அவர் அடுத்த ஆண்டு அந்தக் காயத்தாலேயே இறந்தார். 1934 டிசம்பரில் ஜப்பான் விலகல் நோட்டீஸ் கொடுத்தது, 1936 முடிவோடு ஒப்பந்தமும் காலாவதி ஆனது. அதுவரை போர்க்கப்பலுக்கு உச்சவரம்பு 35,000 டன். 1937 நவம்பரிலேயே ஜப்பானியர்கள் யமாட்டோ என்ற போர்க்கப்பலைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள், 60,000 டன்னுக்கு மேல்.