பரிந்துரை பூட்டிய அலமாரியில் இருந்தால்

காட்டுயிர்களைக் கொல்வது பற்றி அரசுக்குச் சொல்லும் ஆலோசனைக் குழுவில் நிபுணர்கள் இருந்தால் போதும், அது அமைச்சின் கீழ் இருப்பதில் தவறில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இங்கே மொரீசியஸில் பழந்தின்னி வௌவாலுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. காட்டுயிர்களைக் கொல்வது பற்றிப் பரிந்துரைக்க 2015 சட்டம் ஒரு சிறப்புத் தொழில்நுட்பக் குழுவை வைத்தது. பழத்தோட்டங்களைக் காக்கவென்று அதே ஆண்டு அரசு தொடங்கிய வேட்டையில் 30,000-க்கும் மேற்பட்ட வௌவால்கள் செத்தன. 2018-இல் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) இந்த இனத்தை இன்னும் மோசமான அபாய நிலைக்கு மாற்றியது. ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் உயிர் இது.

சுதந்திரமான குழு முதலில் வௌவால் எண்ணிக்கை வந்த விதத்தைக் கேட்கும். வௌவால் கூட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லா அடைவிடங்களையும் ஒரே மாலையில் எண்ணாவிட்டால் ஒன்றையே இருமுறை எண்ணுவோம், அல்லது விட்டுவிடுவோம். அடுத்தது, கொல்லாமல் பழத்தைக் காக்கும் வலை. லிச்சி மரத்தைக் கவாத்து செய்து உயரம் குறைத்து, சுற்றிலும் மரச்சட்டகம் அமைத்து, வலையை இறுக்கிக் கட்ட வேண்டும். வலை பழத்தில் படிந்தால் வௌவால் அதற்கு மேலிருந்தே கடித்துவிடும். வலை தொய்ந்தால் வௌவால் சிக்கிச் சாகும். முற்றத்து உயர்ந்த கிழமரங்களுக்கு வலை ஒத்துவராது, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

பரிந்துரை முழுவதும் அமைச்சர் முடிவெடுக்கும் முன்பே வெளியாக வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரட்டும். பழத்தோட்டக்காரர்கள் குழுவின் முன் சாட்சி சொல்லலாம், வாக்கு மட்டும் கூடாது.