எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்பவர்களுக்கு

இணையத்தில் அந்தப் படத்தின் கீழே நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கனடாவின் கியூபெக் நகரில் நடக்கும் 'பீவீ' என்ற சிறுவர் ஐஸ் ஹொக்கிப் போட்டிக்குப் போகிற ஒரு பிள்ளையின் படம். அதில் வந்து, "இதில் ஆடி எத்தனை பேர் என்.எச்.எல்.லுக்குப் போனார்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். என்.எச்.எல். என்றால் வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக். அந்தக் கேள்விக்கு லைக் வேறு குவிகிறது. கூடவே "செலவு அதிகம்", "இது நம்முடைய விளையாட்டா?" என்ற பேச்சுகளும்.

போனவர்கள் நிறையப் பேர். 1960களின் தொடக்கத்தில் கி லாஃப்ளோர் அங்கே ஆடினார். 1974இல் பிராண்ட்ஃபோர்ட் அணியோடு வெய்ன் கிரெட்ஸ்கி வந்தார். ஆனால் அந்தப் போட்டியின் வரலாறு அவர்கள் மட்டும்தானா? 1960இல் தொடங்கியதே பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகத்தான். இன்றும் பெப்ரவரியில் வெளிநாட்டுப் பிள்ளைகளை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்கவைக்கிறார்கள். மொழி புரியாத வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அரங்கத்தில் மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு அணிச் சின்னங்களை மாற்றிக்கொள்ளும் அந்தப் பிள்ளைகள் உங்கள் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

2023இல் போரால் சிதறிப்போன உக்ரைன் பையன்களை ஒன்றுசேர்த்து அங்கே கொண்டுவந்தார்கள். பாஸ்டன் ஜூனியர் புரூயின்ஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். வீடியோட்ரான் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்த்தா கைதட்டினார்கள்?

செலவு அதிகம் என்கிறீர்கள். உண்மைதான், மட்டைக்கும் காசு, ஐஸுக்கும் காசு. அதைப் பற்றிப் பேசலாம், நானும் வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே. "இது நம்முடைய விளையாட்டா?" என்ற கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை.

என் மகள் கோல் காப்பவள். விடியற்காலையில் ஸ்கேட் நாடாவை இழுத்துக் கட்டும்போது விரல் விறைத்துப்போகும். "இன்னும் இறுக்குங்கோ அப்பா" என்பாள். ஒரு பிறந்தநாள் விழாவில் உறவினர் ஒருவர் அவளிடமே கேட்டார், "பொம்பிளைப் பிள்ளைக்கு இதாலே என்ன வரப்போகுது?" வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. 1984இல் அதே கியூபெக் போட்டியில் மனோன் ரியோம் என்ற சிறுமி கோல் காத்தார். 1992இல் என்.எச்.எல். பருவம் தொடங்குமுன் நடக்கும் முன்னோட்ட ஆட்டத்திலும் இறங்கினார். அன்று இதைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ரியோம் அந்த அளவுக்குப் போகாமல் இருந்திருந்தால் என் மகள் விளையாடக் கூடாதா?

பரதம் என்றால் அரங்கேற்றம் எப்போது, பியானோ என்றால் எத்தனையாவது கிரேட், ஹொக்கி என்றால் என்.எச்.எல். ஒரு பிள்ளை சும்மா சந்தோஷமாக ஓடியாடுவதை நம்மால் பார்க்கவே முடியாதா?

நேற்று அந்தப் பிள்ளையின் அம்மா படத்தை நீக்கிவிட்டார். கேட்டவர் இன்னும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு என்னோடு வாதாட வாருங்கள்.