ரேண்டமாம் ரேண்டம்!

"கமோடார் 64 தானாகவே மெட்டுப் போடும், ஒவ்வொரு முறையும் புத்தம் புதுசு" என்று அந்தப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கான பத்திரிகை லிஸ்டிங்கை (நாமே டைப் அடித்து ஓட்டவேண்டிய புரோகிராம்) எவனாவது நீட்டினால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுங்கள். நேற்று ராத்திரி சாப்பாடு ஆறியது தெரியாமல் வரிவரியாக டைப் அடித்தேன். 1982-இல் வந்த மெஷின், உள்ளே சிட் என்று அருமையான சவுண்ட் சிப், ஆனால் அதன் புரோகிராம் மொழியான பேசிக்கில் ஒரு சுரம் எழுப்பக்கூடக் கட்டளை கிடையாது. எல்லாமே போக் 54272, போக் 54273 என்று (போக் என்றால் இன்ன முகவரியில் இன்ன எண்ணைப் போடு என்கிற கட்டளை) நம்பர் நம்பராக ஊட்ட வேண்டும். சரி, ஊட்டினேன். ரன். ஆஹா, என்ன மெட்டு!

உடனே மச்சானைக் கூப்பிட்டு, "இதை உலகத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று அளந்தேன். இன்னொரு மெட்டு கேட்டான். ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, டேப்பிலிருந்து திரும்ப லோடு பண்ணி (அதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம்), ரன். அவன் மிக்சரை மென்றுகொண்டே, "மாப்ள, இதேதானே முன்னாடியும் வந்துச்சு?" என்கிறான். இருக்காதுடா என்று மறுபடி ஆஃப், ஆன், டேப், ரன். இந்தத் தடவை மெஷின் பாடுவதற்கு முன்பே அவன் பாடுகிறான். "இப்ப மேல போகும் பாரு." போனது. "இப்ப ரெண்டு தடவை டொய்ங்." டொய்ங், டொய்ங்.

எல்லாம் அந்த ஆர்என்டி(1), அதாவது பேசிக்கில் ரேண்டம் எண் கேட்கும் கட்டளை, செய்யும் வேலை. ஆன் பண்ணியதும் முதலில் கேட்டால் .185564016 என்றுதான் சொல்லும், அன்றும் இன்றும் என்றும். தொடக்கத்தில் ஆர்என்டி(-டிஐ) என்று ஒரே ஒரு வரி போட்டு, உள்ளே ஓடும் கடிகாரத்தை வைத்துக் கலைத்துவிட்டால் தீர்ந்தது. ஸ்கிரீன் ஓரத்துக்குக் கலர் அடிக்க வரி வரியாக எழுதிய லிஸ்டிங் மகானுபாவருக்கு இதற்கு மட்டும் இடமில்லை!

இதற்கு மேதாவிகள் இன்னொரு வழி சொல்வார்கள். சிட்டின் மூன்றாவது குரலில் இரைச்சலை ஓடவிட்டு 54299-ஐ பீக் பண்ணினால் (அந்த முகவரியில் இருக்கும் எண்ணைப் படித்தால்) நல்ல ரேண்டம் கிடைக்குமாம். கிடைக்கும்தான். இருப்பதே மூன்று குரல், அதில் ஒன்றைப் பகடை உருட்டப் பிடித்துப் போட்டால் பாடுவது யார், நானா?

இன்று காலை மச்சான் பல் தேய்த்துக்கொண்டே அதே மெட்டை முனகுகிறான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.