மகாவலிக்கு மேற்பக்கமும் உண்டு

மகாவலி கங்கையை நெல்லின் நதி என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்வது சரிதான். 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுமுன் எத்தனையோ வயல்களுக்குப் பாய்கிறது. ஆனால் கதையைக் கண்டிக்குப் பக்கத்தில், வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பும் பொல்கொல்ல அணையில் தொடங்கிவிட்டீர்கள். அதற்கு மேலே தேயிலை மலையில் நாங்களும் இருக்கிறோமே!

தலவாக்கலையில் ஓடும் கொத்மலை ஓயா மகாவலியின் கிளையாறுதான். 2012இல் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் வந்தபின் சென்கிளேயர் அருவி இளைத்துவிட்டது. பழைய அருவியைக் கண்டவர்களுக்கு இப்போது எட்டிப்பார்க்கவே மனம் வராது.

அதைவிடப் பெரிய விஷயம் மண். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த மலையில் ஒரு நல்ல மழை பெய்யட்டும், கான் (மழைநீர் வடிகால்) தூர்ந்த இடத்தில் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் இறங்கும். அவ்வளவும் ஓயாவுக்கு, அப்புறம் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு. கான் வெட்ட முன்பு போல இப்போது ஆள் போடுவதில்லை. மேலே மண் போனால் கீழே அநுராதபுரத்து வயல்காரருக்கும்தானே நட்டம்?

இன்னொன்று. கட்டுரையோடு போட்ட படத்தில் இருக்கும் காசல்ரி நீர்த்தேக்கம் மகாவலியுடையது அல்ல, களனி கங்கைக்குப் போகும் கெகல்கமு ஓயாவில் இருப்பது. அட்டன் மேட்டில் ஒரு பக்கம் விழும் மழை திருகோணமலைக்கு, மறுபக்கம் விழுவது கொழும்புக்கு. படத்தை மாற்றிவிடுங்கள்.