கணுக்காலில் ஒரு கோடு

கம்போடியாவின் சியம் ரீப்புக்குப் பயணம் திட்டமிடும் நண்பர்களிடம் நான் விடாமல் சொல்வது ஒன்றுதான். அங்கோர் வாட் குளக்கரையில் சூரியோதயம் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். ஒரு நாளை ஒதுக்கிக் கோ கேருக்குப் போய் வாருங்கள். வடகிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். காட்டுக்குள் கிடக்கும் பழைய தலைநகரம் அது.

கி.பி. 928 முதல் 944 வரை, பதினாறே ஆண்டுகள்தான் கெமர் அரசு அங்கிருந்து நடந்தது. நான்காம் ஜெயவர்மனின் ஊர். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஏழு அடுக்கில், 36 மீட்டர் உயரத்துக்கு ஒரு பிரமிடு எழுப்பிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஏறிப் படம் எடுக்கிறார்கள், நானும் ஏறினேன். ஆனால் என்னை உலுக்கியது பிரசாத் சென் என்ற சிறிய கோயில்.

செம்புராங்கல் சுவர்கள் சரிந்து கிடக்கின்றன. கல்லிடுக்கெல்லாம் வேர். வாயில் மண்டபம் இருந்த இடத்தில் வெறும் தரை. அந்தத் தரையில்தான் ஒரு காலத்தில் பாரதத்தின் கடைசிக் கதாயுதச் சண்டை நின்றிருந்தது. பீமனும் துரியோதனனும் முழங்கால் மடக்கி, அடுத்த கணம் பாயப்போகிற நிலையில், ஆள் உயரத்தில். சுற்றிலும் அதைப் பார்த்திருக்கும் உருவங்கள். அவர்களில் பலராமனும் உண்டு. தொடையில் அடித்தது முறையா என்று சிறுவயதில் கதை சொன்ன பாட்டியோடு நாம் மல்லுக்கு நின்றோமே, அதே காட்சி. கெமர் சிற்பி அதைச் சுவரில் செதுக்கவில்லை. நாலு பக்கமும் சுற்றிவந்து பார்க்கும்படி தனித்தனிச் சிலைகளாக நிறுத்தினார்.

உள்நாட்டுப் போர் நடந்த 1970-களில் அவற்றைப் பெயர்த்தார்கள். பெயர்த்தார்கள் என்பதுகூடத் தவறு; கணுக்காலோடு உடைத்தார்கள். பாதங்கள் பீடத்தோடு அங்கேயே கிடந்தன. துரியோதனன் 1975-இல் லண்டனில் விலைபோனான்.

"வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வாங்கியதால்தான் பிழைத்தன, இல்லாவிட்டால் போரில் அழிந்திருக்கும்" என்று படித்தவர்களே சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. இதே கோயிலின் மண்டியிட்ட இரு உருவங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன தெரியுமா? தலை ஓர் ஆண்டு, உடல் வேறோர் ஆண்டு. இதற்குப் பெயரா பாதுகாப்பு? வாங்க ஆள் இருந்ததால்தான் உளி எடுத்தார்கள். காட்டில் கல் சுமந்த ஏழையைவிட, காசோலை எழுதியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். சிறுவயதிலேயே கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படையில் சிக்கி, பிறகு சிலை திருடிப் பிழைத்த ஒருவர், எந்தக் கோயிலிலிருந்து எதை எடுத்தோம் என்று கடைசிக் காலத்தில் அதிகாரிகளுக்கு அடையாளம் காட்டினார். 2021-இல் இறந்துபோனார். இந்த வணிகத்தின் பெரும்புள்ளி என்று குற்றம் சாட்டப்பட்ட டக்ளஸ் லாட்ச்ஃபோர்டோ 2020-இல், விசாரணைக்கே வராமல் இறந்தார்.

துரியோதனனை மீட்டுக் கொடுத்தவை அவன் பாதங்கள்தான். 2011-இல் நியூயார்க்கில் இருபது, முப்பது லட்சம் டாலருக்கு ஏலம் போக இருந்த சிலை, கோ கேரில் கிடந்த பாதங்களுக்கு உரியது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கம்போடியா விடவில்லை. வழக்கு நடந்து, 2014 ஜூனில் துரியோதனன், பீமன், பலராமன் மூவரும் ஒன்றாக ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்நாட்டுக் கோயிலில் திருடுபோன நம் ஸ்ரீபுரந்தான் நடராசர் திரும்பி வந்ததை நினைத்துக்கொண்டேன். பறிகொடுத்தவர்களுக்குத்தான் அந்த வலியும் தெரியும், அந்த மகிழ்ச்சியும் தெரியும்.

எனக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் அந்த வெற்றுத் தரையில் "இங்கே பீமன்" என்று ஓரிடத்தைக் காட்டினார். பிறகு நாலடி தள்ளிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தானே முழங்காலை மடக்கி நின்றார். "இங்கே துரியோதனன். புனோம் பென் போனால் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போங்கள்."

இரண்டு நாள் கழித்துத் தேசிய அருங்காட்சியகத்தில் பார்த்தேன். அந்த இளைஞர் நின்று காட்டிய அதே நிலை. குனிந்து பார்த்தால், கணுக்காலில் உடைந்த கோடு தெரிகிறது.