பெரியம்மாவின் கையிலிருந்த சுரூபம்

பெரியம்மா அடக்கத்தன்று அவள் கையிலிருந்த சிலுவைச் சுரூபத்தை அவள் மகன், என் தம்பி, உருவி எடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டி மூடுகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்று பெரியப்பா கண்ணைக் காட்டினார், அடங்கிப்போனேன். நேற்று முப்பதாம் நாள் பூசை. தம்பி வந்தான். கோயிலுக்குள் வரவில்லை, வேப்பமரத்தடியிலேயே நின்றான். பூசை முடிந்து கல்லறைக்குப் போனதும் மறுபடி ஆரம்பித்துவிட்டான். கல்லறையில் சிலுவை வைக்கக் கூடாதாம், அது விக்கிரகமாம், பெயர் வெட்டிய கல் மட்டும் போதுமாம். இனியும் பேசாமலிருந்தால் பெரியம்மாவுக்குச் செய்கிற துரோகம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாங்கள் மரத்தைக் கும்பிடவில்லை. எங்கள் அம்மாமார் யாரும் மரத்தைக் கும்பிடவில்லை. பித்தளை எது, கடவுள் எது என்று தெரியாத அளவுக்குப் பெரியம்மா விவரம் கெட்டவள் இல்லை.

அவள் கையில் இருந்தது ஒரு சாண் நீளப் பாடுபட்ட சுரூபம். கருத்த மரம், அதில் பித்தளையில் ஆண்டவர். வருடக்கணக்காக முத்தி முத்தி அவருடைய பாத விரல்கள் தேய்ந்து, விரல் எது பாதம் எது என்று தெரியாமல் வழுவழுவென்று ஆகியிருக்கும். முகம் அப்படியே இருக்கும். காற்று அடிக்கிற ராத்திரியில் பெரியப்பா வள்ளம் வந்து சேரவில்லையென்றால் அதைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள். "சுரூபமே காப்பாத்து" என்று அவள் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. "ஆண்டவரே, நீர் பட்ட பாடு எனக்குத் தெரியும், என் பாட்டைப் பாரும்" என்றுதான் சொல்வாள். அதைத்தான் அவன் அவள் விரல்களைப் பிரித்து உருவி எடுத்தான். பெற்ற தாயின் விரல்களை.

தம்பி எங்கள் கத்தோலிக்கக் கோயிலை விட்டு, சிலுவை வேண்டாம் என்கிற சபைக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. குடியை விட்டான், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். அந்தச் சபைக்கு நான் நன்றி சொல்லவும் தயார். ஆனால் அங்கே கேட்டதை இங்கே வந்து எங்கள் முகத்தில் வீசுகிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "உங்க அப்பனைக் கொன்ற அரிவாளைக் கழுத்துல மாட்டிக்குவீங்களா?" என்று நேற்று கேட்டான். அத்தனை பேர் முன்னால், அப்பா இல்லாத என்னைப் பார்த்துக் கேட்டான்.

என் அப்பாவைக் கடல் எடுத்தது 1996இல். உடல் கிடைக்கவில்லை. நான்காம் நாள் துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. அம்மா அதை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து சாத்தி வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. கைபிடிக்கிற இடத்தில் மரம் பள்ளமாகியிருக்கும். என் பிள்ளை பிறந்தபோது அவன் கையை அந்தப் பள்ளத்தில் வைத்துத்தான் தாத்தாவைக் காட்டினாள். அம்மா துடுப்பைக் கும்பிடுகிறாள் என்று யாராவது சொல்வீர்களா? அவர் கடைசியாகப் பிடித்தது அது. ஆண்டவர் கடைசியாகக் கைவிரித்தது சிலுவையில். அரிவாளைப் பற்றிக் கேட்கிறவனுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். பைபிளில் பவுலடியார் சிலுவையைத் தவிர வேறு எதிலும் பெருமை பாராட்ட மாட்டேன் என்று கலாத்தியருக்கு எழுதினார். அந்தக் கேள்வியை முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் பாபிலோன் கதை. சிலுவை தம்மூஸ் என்ற பாபிலோன் தெய்வத்தின் பெயரில் வரும் 'T' வடிவ முதலெழுத்தாம், அதனால் அது பேய்களின் அடையாளமாம். இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் இருந்த அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற போதகர். கத்தோலிக்கச் சபையே பாபிலோன் என்று நிரூபிக்கப் புறப்பட்டவர். தம்மூஸின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் ஆப்பெழுத்தில், களிமண்ணில் குத்தி எழுதினார்கள். அதில் 'த' ஓசைக்குச் சிலுவை மாதிரி ஓர் எழுத்தே கிடையாது. பைபிளில் எசேக்கியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் பெண்கள் தம்மூசுக்காக அழுவது வருகிறது, உண்மைதான். சிலுவை என்ற பேச்சே அங்கு இல்லை. அடுத்த அதிகாரத்தையும் படி தம்பி. எருசலேமில் நடக்கிற அருவருப்புகளுக்காகப் பெருமூச்சு விடுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடு என்று கடவுளே சொல்கிறார். அந்த அடையாளத்துக்கு எபிரேயத்தில் இருக்கிற சொல் 'தவ்'. அது அவர்களுடைய கடைசி எழுத்து. பழைய எபிரேயத்தில் அதை எழுதினது இரண்டு கோடு குறுக்கே போட்டு. எட்டாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடினால் எப்படி?

ரோமாபுரியை ஆண்ட கான்ஸ்டன்டைன் ராசாதான் சிலுவையைக் கொண்டுவந்தான் என்றும் சொல்வார்கள். அவன் போரில் ஜெயித்தது 312இல். அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே, நடக்கும்போதும் உட்காரும்போதும் சாப்பிடும்போதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறோம் என்று வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவர் எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் ஒரு சுவரில் எவனோ கிறுக்கிய படம் 1857இல் கிடைத்தது. கழுதைத் தலையோடு ஒருவனைச் சிலுவையில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். "அலெக்ஸாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பையனையும் சிலுவையை வைத்துத்தான் பரிகாசம் செய்தார்கள்.

ஆண்டவர் தொங்கியது சிலுவையிலா, குறுக்குக் கட்டை இல்லாத நேர்க்கம்பத்திலா என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. அதற்குள் நான் போகவில்லை. கம்பமாகவே இருந்தாலும் தொங்கியவர் அவர்தானே.

விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளையைச் சொல்வான், தெரியும். அந்தக் கட்டளையை வாங்கிவந்த மோசேதான் வெண்கலப் பாம்பையும் தூக்கி வைத்தார். அதைப் பிற்காலத்தில் எசேக்கியா ராசா உடைத்துப் போட்டாரே என்பான். ஆமாம், உடைத்தார். சனங்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்டினார்கள், உடைத்தார். எங்களிலும் கழுத்தில் சிலுவை கிடந்தால் போதும், நல்லவராக வாழ வேண்டியதில்லை என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களைச் சாமியார் பிரசங்கத்தில் கண்டிக்கட்டும். பெரியம்மா அந்த வகையா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடாமல் தான் உண்ணாதவள் அவள்.

பெரிய வெள்ளியன்று "வருவீர், ஆராதிப்போம்" என்று சிலுவையைப் பார்த்துத்தானே பாடுகிறீர்கள் என்று கேட்டான். தொங்கியவரை ஆராதிக்கிறோம். எத்தனை தடவை சொன்னாலும் இதுதான்.

செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருவிழா. 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், மணல் குன்றின் மேலே, மூன்று பக்கமும் கடல். புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பலின் உடைந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை அந்தக் குன்றில் நட்டார்கள் என்று பெரியம்மா கதை சொல்லிக்கொண்டே எங்களை ஏற்றிக் கூட்டிப்போவாள். மணல் சுடும். நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன், தம்பி, நீ அவள் இடுப்பில் இருப்பாய். ஞாபகம் இருக்கிறதா? முத்தி செய்யக் குனியும்போது உன் தலையைத்தான் முதலில் தாழ்த்துவாள். அப்போது அவள் உன்னைப் பாபிலோனுக்கா கொண்டுபோனாள்?

ராத்திரி படுக்கப் போகும்போது நம் எல்லார் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை போடுவாள். மீன் வெட்டின கை, எவ்வளவு சோப்பு போட்டாலும் வாடை போகாது. அந்த விரலைத்தான் நீ பிரித்தாய்.

கல்லறையில் சிலுவை நிற்கும். பெரியப்பா சொல்லிவிட்டார், கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. உன்னிடம் கேட்பது வேறு. அந்தச் சுரூபம் இப்போது எங்கே? உன் வீட்டில் அது இருக்கக் கூடாதென்றால் சரி, வெளியே வீசிவிடாதே. வாசலில் வை. அக்கா வந்து எடுத்துக்கொள்கிறேன்.